வடிகாலில் ஏறிவந்த கடல்

10-11-2011, வியாழன். பௌர்ணமி.

மழையே இல்லை. ஆனாலும் காலையில் முதுநகரில் எங்கள் தெரு வடிகால் நிரம்பியிருந்தது. ஆற்றுக்குப் போகவேண்டிய தண்ணீர், கடல் ஏற்றத்தில் ஆற்றிலிருந்து தெருவுக்கு ஏறி வந்துகொண்டிருந்தது. அதில் மடவை மீன் குஞ்சுகள் நீந்தின. அவ்வளவு பெரிய கடல், சத்தமே இல்லாமல் வாசலுக்கு வந்துவிட்டது. கைகூப்பத் தோன்றியது. நான் நகராட்சி ஓவர்சீயராக இருந்தபோது மட்டம் பார்த்துக் கட்டிய வடிகால் அது.

புதிய வார்டு கவுன்சிலர் அம்மா என் பழைய பிளானோடு வந்தார். அதே மட்டத்தில் வடிகாலைப் புதிதாகக் கட்டப் போகிறார்களாம். "நீங்க போட்ட மட்டம் தப்பாவுமா மாமா? சரின்னு ஒரு கையெழுத்து போடுங்க."

தெருவில் மீன் விற்றுக்கொண்டிருந்த அஞ்சலை சிரித்தாள். "கட்டுங்கம்மா. நான் இங்கயே வலை போட்டுக்கறேன்."

கடல் உயர்ந்ததா, மண் தாழ்ந்ததா, எனக்கே உறுதியில்லை. ஆனால் கையெழுத்துப் போட்டால் தெரு முழுகும். கடைசியில் சொல்லிவிட்டேன். "என் மட்டம் இனிமே செல்லாதும்மா. கடல் ஏறும்போது மூட வடிகால் வாயில ஷட்டர் வைக்கணும். அதுவரைக்கும் மழைத் தண்ணி தங்க ஒரு குளமும் வெட்டணும்."

"அப்ப நாளைக்கு மன்றக் கூட்டத்துல நீங்களே வந்து சொல்லுங்க மாமா."

கூட்டத்தில் ஒருநாளும் வாய் திறந்தவனில்லை. கடலைப் பற்றிப் பேச நான் யார்? ஆனால் அந்த மட்டத்தை வைத்தவன் நான்தானே.