கம்ப்யூட்டருக்குத் தைத்த தோல் உறை

ஆம்பூர்
30.11.2003, ஞாயிறு

என் சுண்டுக்கு,

அம்மா எழுதிக்கொண்டது. ஆண்டவர் கிருபையில் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறேன், ஷூ கம்பெனிக்குப் போகிறேன் வருகிறேன், ஒரு ஆளுக்குச் சமைக்கிற அளவு மட்டும் இன்னும் கைக்கு வரவில்லை, அரிசி ஜாஸ்தியாகவே விழுகிறது. உன் உடம்புக்கு அந்த ஊர்க் குளிர் ஒத்துக்கொள்கிறதா, காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போகிறாயா என்று எழுது. ஜெர்மனியில் பனி விழ ஆரம்பித்துவிட்டது என்று எனக்கு யார் சொன்னது என்று யோசிக்காதே, சைராதான் சொன்னாள். ரம்ஜான் அன்று சேமியா பாயாசம் கொண்டுவந்து வைத்துவிட்டு, "உங்க பொண்ணு நேத்து எங்க வீட்டுக்காரர்கிட்ட அரைமணி நேரம் பேசுச்சுக்கா, காரெல்லாம் பனியில மூடிப்போச்சாமே, பாவம் கொழந்த" என்றாள். நானும் தெரிந்தவள் மாதிரி "ஆமா ஆமா, சொன்னா" என்று பாத்திரத்தை வாங்கிக்கொண்டேன். பாயாசம் நன்றாகத்தான் இருந்தது, எனக்குத்தான் உள்ளே இறங்கவில்லை. பெற்றவளுக்குத் தெரியாத பனி, கம்ப்யூட்டர் கடைக்காரர் பெண்சாதிக்குத் தெரிந்திருக்கிறது.

சைரா வீட்டுக்காரர் முக்தார் பாய் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. உங்கப்பாவுக்கு தோஸ்த், கல்லறை வரைக்கும் தோள் கொடுத்த மனுஷன். ஜூலையில் அப்பாவை அடக்கம் பண்ணிவிட்டு நீ ப்ளேன் ஏறும்போது, "எது ரிப்பேர் ஆனாலும் முக்தார் அங்கிளுக்கு ஒரு போன் போடும்மா, நான் எல்லாம் சொல்லி வச்சிருக்கேன்" என்று சொல்லிவிட்டுப் போனாய், நல்ல எண்ணத்தில்தான் சொன்னாய். ஆனால் அதற்குப் பிறகு நடக்கிறதைப் பார். மிக்சி சுற்றவில்லை என்று ஞாயிற்றுக்கிழமை உன்னிடம் சொல்கிறேன், நீ "சரிம்மா, சாப்டியா, மாத்திரை போட்டியா" என்று கேட்டு என் போனை வைத்துவிட்டு பாய்க்குப் போடுகிறாய். மோட்டார் ஓடுகிற சத்தம் வருகிறதா, ஜார் மட்டும் நிற்கிறதா, அப்படியென்றால் ஜாருக்குக் கீழே இருக்கிற ரப்பர் கட்டையில் பல் தேய்ந்திருக்கும், அதை மட்டும் மாற்றினால் போதும், மோட்டாரைத் தொட வேண்டாம் என்று அவரிடம் விலாவாரியாகச் சொல்கிறாய். மிக்சி என்னுடையது, அரைபடாத சட்னி என்னுடையது, பேச்சு மட்டும் அவருக்கு. உன் கெட்டிலில் வெள்ளை வெள்ளையாகப் படிகிறது என்று அவரிடம் கேட்டாயாமே, அதுவும் சைரா வழியாகத்தான் வந்தது. ஆம்பூர் தண்ணீரில் காலம் தள்ளினவளுக்கு உப்புக் கறை தெரியாதா கண்ணு. எலுமிச்சம்பழத்தை அறுத்துப் போட்டு தண்ணீரை ஒரு கொதி விட்டு அப்படியே வைத்துவிடு, காலையில் ஊற்றிவிட்டு இரண்டு தரம் அலசினால் கறை கழன்று வந்துவிடும், இரும்பு நார் போட்டுச் சுரண்டாதே.

எனக்கு இது புதிசும் இல்லை. நீ சின்னப் பிள்ளையாய் இருக்கும்போதே உங்கப்பா டேனரியில் தோல் பதனிடுகிற டிரம்முக்கு ஸ்பேனர் போட்டு வந்த கையோடு தரையில் பேப்பரை விரிப்பார், ரேடியோவோ அயர்ன் பாக்ஸோ பிரித்துப் போடுவார், நீ பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஸ்க்ரூவையெல்லாம் சாசரில் சேர்ப்பாய். நான் என்னதான் பண்ணுகிறீர்கள் என்று எட்டிப் பார்த்தால் "ஜெயா, ரெண்டு டீ போடேன்" என்பார். நீ பள்ளிக்கூடம் சேருவதற்கு முன்பே உனக்கு டெஸ்டர் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தவர், எனக்கு ஃபியூஸ் கட்டக்கூடச் சொல்லிக்கொடுக்கவில்லை. அப்புறம் நீ தோல் படிப்பு படித்து அந்த ஊருக்குப் போனதும், பாய் கடையிலிருந்து அந்தக் கம்ப்யூட்டரை வாங்கிவந்து தினமும் சாயங்காலம் உன்னோடு டைப் அடித்துப் பேசுவார். உனக்கு அது மத்தியானச் சாப்பாட்டு வேளை, எனக்கு ஷிஃப்ட் முடியாத வேளை. கம்பெனி வேன் என்னைத் தெருமுனையில் இறக்கிவிடும்போது உங்கள் பேச்சு முடிந்திருக்கும். "இன்னா சொல்றா பொண்ணு" என்று கேட்டால், "நல்லாருக்காளாம், ரொட்டி துன்னாளாம்" என்பார். அவ்வளவுதான் என் பங்கு. ஒரு மணி நேரம் ரொட்டியைப் பற்றியா பேசியிருப்பீர்கள்? மனுஷன் செத்த பிறகும் அவர் மேல் எனக்கு அந்த வயிற்றெரிச்சல் போகவில்லை என்றால் ஊர் சிரிக்கும், ஆனால் போகவில்லை. அழுதுகொண்டே இருக்கும்போதுகூட நடுவில் அது வந்து உட்கார்ந்துகொள்கிறது.

அதனால் இப்போது சிலதை நானே பார்க்கிறேன். ஹால் ஃபேன் ஆமை மாதிரிச் சுற்றியது, யாருக்கும் போன் போடவில்லை. மெயினை அணைத்துவிட்டு ஸ்டூல் மேல் ஏறி, மேல் மூடியைத் தளர்த்தி, கண்டென்சரைக் கழற்றி, அதைக் கையோடு கடைக்கு எடுத்துப்போய் அதே நம்பர் வாங்கிவந்து, எந்த ஒயர் எங்கே இருந்ததோ அங்கேயே முறுக்கி டேப் சுற்றினேன். இப்போது காலண்டர் பறக்கிறது. கம்ப்யூட்டர் மவுஸ் இழுத்த பக்கம் வராமல் முரண்டு பிடித்தது, அதைக் கவிழ்த்து வட்ட மூடியைத் திருகினேன், உள்ளே இருந்து ஒரு ரப்பர் குண்டு உருண்டு கட்டிலுக்கு அடியில் போய்விட்டது, தேடி எடுத்தேன். உள்ளே சின்னச் சின்ன உருளைகள் இருக்கின்றன, அதில் அழுக்கு வளையமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. கம்பெனியில் அப்பரில், அதுதான் ஷூவின் மேல்தோலில், வழிந்த பசையை க்ரேப் ரப்பரால் தேய்த்து எடுப்போம் இல்லையா, அதில் ஒரு துண்டு பையில் கிடந்தது, அதாலேயே உருட்டி உருட்டி எடுத்துவிட்டேன். இப்போது சொன்ன பக்கம் வருகிறது. இதையெல்லாம் உன்னிடம் சொல்ல வேண்டும் என்று ஞாயிறுக்கு ஞாயிறு காத்திருப்பேன், நீ மாத்திரை போட்டியா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவாய்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். கம்ப்யூட்டரை அவர் மகள் ஜோயாவுக்குக் கொடுத்துவிடச் சொல்லி பாயிடம் சொல்லியிருக்கிறாய், அவர் டிசம்பர் பதினெட்டாம் தேதி வியாழக்கிழமை ஆட்டோ கொண்டுவருவதாகச் சொன்னார். ஜோயா நல்ல பெண், காலேஜில் படிக்கிறது, நான் இல்லை என்று சொல்லவில்லை. அது அடிக்கடி தானாகவே அணைந்துபோகிறது, பழசாகிவிட்டது, அம்மாவுக்கு எதற்கு என்று நீ நினைத்தாய். அது அணைந்தது நிஜம்தான். உன் ஃபோட்டோக்களைப் பார்க்கலாம் என்று போட்டால் பத்துப் படம் பார்ப்பதற்குள் படக்கென்று போய்விடும். கொஞ்ச நேரம் கழித்துப் போட்டால் வரும், மறுபடி போய்விடும். பாய் கடைக்கு எடுத்துப்போவார், அங்கே நாள் பூராவும் ஓடும், கொண்டுவந்து மாட்டி ஓட்டிக் காட்டிவிட்டுப் போவார், அடுத்த ஞாயிறு நான் உட்கார்ந்தால் பழைய கதைதான். "எங்க கடைல ஜம்முனு ஓடுதுக்கா, உங்க வீட்டுக்கு வந்தா மட்டும் படுத்துக்குது, இதுக்கு இன்னா பேஜாரோ தெரியல" என்று தலையைச் சொறிந்தார். அதற்கு என்னைப் பிடிக்கவில்லை என்றே நான் முடிவு கட்டிவிட்டேன். உங்கள் இரண்டு பேருக்குமான சாமான் அது, மூன்றாவது ஆள் உட்கார்ந்தால் மூஞ்சியைத் திருப்பிக்கொள்கிறது என்று அதன் மேலேயும் கோபம்.

இன்று ஆராதனை முடிந்து வந்து, எப்படியும் போகப்போகிற சாமான்தானே என்று கடைசியாக ஒரு தரம் போட்டேன். வழக்கம்போல அணைந்தது. போ என்று அதன் மண்டையில் ஒரு தட்டுத் தட்டினேன், கையில் சூடு ஒட்டியது. பெட்டிக்கு நான் தைத்த தோல் உறை உனக்கு ஞாபகம் இருக்கும், மெரூன் கலர், சாயம் விடுகிறது என்று கம்பெனியில் தள்ளிவிட்ட லைனிங் தோலை வாங்கி, சூப்பர்வைசரைக் கெஞ்சி சாப்பாட்டு நேரத்தில் மெஷினில் உட்கார்ந்து தைத்தது. முன்பக்கம் ஸ்விட்சுக்கு ஒரு மடிப்பு, பின்பக்கம் ஒயருக்கு ஒரு கீறல், மற்றபடி தூசி நுழைய இடமில்லாமல் காலுக்குப் போட்ட ஷூ மாதிரி இறுக்கமாக இருக்கும். அந்தத் தோல், சூடு மெஷினிலிருந்து இறங்குகிற அப்பர் மாதிரிக் காய்ந்தது. கழற்றிவிட்டுப் பின்னால் கையை வைத்துப் பார்த்தேன், உள்ளே ஒரு சின்ன ஃபேன் அனல் காற்றை வெளியே தள்ளுகிறது. அந்தக் காற்று போகிற ஓட்டையை நான் அழகாகத் தைத்து மூடியிருக்கிறேன். பாய் எடுத்துப்போகும்போதெல்லாம் அழுக்காகிவிடும் என்று உறையை நான் கழற்றி வைத்துக்கொள்வேன், வந்து மாட்டிவிட்டுப் போனதும் மறுபடி போடுவேன். அப்புறம் அவர் கடையில் ஓடாமல் என்ன செய்யும். உறை இல்லாமல் மத்தியானம் போட்டது, இதோ இந்தக் கடிதம் எழுதுகிற வரைக்கும் ஓடுகிறது. உன் ஃபோட்டோ அத்தனையும் பார்த்துவிட்டேன்.

ஆகையால் கம்ப்யூட்டரை நான் கொடுக்க மாட்டேன். ஜோயாவுக்கு வேறு ஒன்றைப் பாய் கடையிலேயே சேர்த்துக் கொடுக்கட்டும், அதை நீயே அவரிடம் பக்குவமாகச் சொல், என் வாயால் சொன்னால் சைரா மனசு சங்கடப்படும். இங்கிலீஷ் எழுத்து எனக்கு ஷூ டப்பாவில் பார்த்துப் பார்த்துத் தெரியும், தேடித் தேடி அமுக்குவேன், ஒரு வரிக்கு ஒரு மணி நேரம் ஆனாலும் நீ காத்திரு, அவருக்குக் காத்திருந்தாய் அல்லவா. ஞாயிற்றுக்கிழமை உன் சாப்பாட்டு வேளை இனிமேல் என்னுடையது. இன்டர்நெட் போட என்ன நம்பர், முதலில் எதை அமுக்க வேண்டும், பிறகு எதை என்று தமிழில் எனக்கு எழுது. எனக்கு எழுது, பாய்க்குச் சொல்லி அவர் வந்து எனக்குச் சொல்ல வேண்டாம்.

இன்னொன்றும் இருக்கிறது. கழற்றின உறையை எங்கே வைப்பது என்று சுற்றிப் பார்த்தபோது மேஜைக்கும் பீரோவுக்கும் நடுவில், சுவரில் ஓர் ஆணி இருந்தது. நான் அடித்த ஆணி இல்லை. உறையின் தலையில் தூக்குவதற்கு ஒரு வளையம் வைத்துத் தைத்திருக்கிறேன், அதை மாட்டினேன், அளவெடுத்தது மாதிரி தரையில் படாமல் தொங்கியது. அதை நகர்த்திப் பார்த்தால் பின்னால் சுண்ணாம்பில் மெரூன் கறை, இந்த உறையின் அகலத்துக்குச் சரியாக. அந்தத் தோல் எப்படிச் சாயம் விடும் என்று எனக்குத் தெரியும், ஒரு நாள் இரண்டு நாள் தொங்கினால் அவ்வளவு ஏறாது. உங்கப்பா வருஷக்கணக்காக தினமும் கழற்றி அங்கே மாட்டியிருக்கிறார். நான் வேனிலிருந்து இறங்கி வீட்டுக்குள் வந்த ஒரு நாளாவது அந்தப் பெட்டியை உறை இல்லாமல் பார்த்ததில்லை. தைத்துக் கொண்டுவந்த அன்று "எக்ஸ்போர்ட் சரக்கு மாதிரி கீதுடி" என்று தடவிப் பார்த்தவர், அதற்கு மேல் வாய் திறக்கவில்லை. உனக்கும் சொல்லியிருக்க மாட்டார், சொல்லியிருந்தால் அணைகிறது என்ற முதல் நாளே நீ உறையைக் கழற்றச் சொல்லியிருப்பாய். ஒரு ஸ்க்ரூ தொலைந்தாலும் உன்னிடம் சொல்லிவிடுகிற மனுஷன் இதைச் சொல்லவில்லை. கோபித்துக்கொள்ளாதே சுண்டு, அது புரிந்ததும் எனக்கு முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. உனக்குப் பங்கில்லாத ஒரு சங்கதி, அவருக்கும் எனக்கும் மட்டும்.

கிறிஸ்துமசுக்கு இந்த வருஷம் ஸ்டார் கட்டவில்லை, துக்க வீடு. உனக்கு மட்டும் கொஞ்சம் முறுக்கு சுட்டு பார்சல் போடுகிறேன். ஆண்டவர் அந்தப் பனியில் உன் கால் வழுக்காமல் பிடித்துக்கொள்ளட்டும், நேரத்துக்குச் சாப்பிட்டு, நல்ல தூக்கம் தூங்கி, நூறு வயசு இரு. கடிதம் கிடைத்ததும், பதினெட்டாம் தேதிக்கு முன்னால் பாயிடம் சொல்ல மறந்துவிடாதே.

இப்படிக்கு,
உன் அம்மா,
ஜெயபுஷ்பம்

கையெழுத்துப் போட்ட பிறகும் பேனாவை மூடவில்லை. உங்கப்பாவை என்னைவிட நன்றாகத் தெரிந்தவள் நீதான் என்று இத்தனை வருஷமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன், அதனால் உன்னையே கேட்கிறேன். அந்த உறையைப் பற்றி அவர் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் விட்டது, ஆசையாகத் தைத்தவள் மனசு நோகும் என்றா, இவளிடம் போய் இதைச் சொல்வானேன் என்றா?