நோயாளி பக்கத்திலேயே ஓடும் டாக்டர் பாடம்

அனுப்புநர்:
ட்வைலா நைகார்ட்,
லூத்தரன் சர்ச் பின்தெரு,
ஹால்வர்சன், வடக்கு டகோட்டா.

பெறுநர்:
செயலாளர் அவர்கள்,
மருத்துவர் தகுதிச் சான்று வாரியம்.

பொருள்: எங்க ஊர் டாக்டர் மெரில் ஹாசெக், சான்றைக் காப்பாத்திக்கறதுக்கான பாடத்தை நோயாளியைப் பார்க்கும்போதே ஓடவிடறது – தடுக்கக் கோரி.

மதிப்பிற்குரிய ஐயா,

கர்த்தர் கிருபையால நீங்களும் குடும்பமும் சுகமா இருக்கணும். நான் ஊர்ப் பள்ளிக்கூடத்தோட நின்னவ. எழுத்துல குத்தம் இருந்தா பொறுத்துக்கங்க.

1. டாக்டருங்க சான்று செல்லணும்னா இத்தனை மணிநேரம் புதுசா படிச்சுக் காட்டணும்னு வெச்சிருக்கீங்க. நல்ல சட்டம். எங்க டாக்டர் அதை வருஷக் கடைசிக்குத் தள்ளிருவாரு. டிசம்பர் வந்தா நோயாளி நாற்காலிக்குப் பக்கத்துலயே கம்ப்யூட்டர்ல பாடம் ஓடும். நடுநடுவுல அது நின்னு, "இன்னும் இருக்கீங்களா"ன்னு கேக்கும். பட்டனை அமுக்கினாத்தான் நேரம் கணக்குல சேரும். ஒரு கையால நம்ம முதுகுல ஸ்டெதாஸ்கோப் குழாயை வெச்சுக்கிட்டே, இன்னொரு கையால அமுக்குவாரு.

2. போன டிசம்பர்ல என் அண்ணன் மக ஜனெலைக் கூட்டிட்டுப் போனேன். தாயில்லாப் பிள்ளை, நான்தான் வளர்த்தேன். தாடை வலி, முதுகுல பாரம். வெளிய அப்படி உறையுது, இவ கோட்டைக் கழட்டிட்டு விசிறிக்கறா. பாடத்துல ஒரு அம்மா, பொம்பளைங்களுக்கு மாரடைப்பு வந்தா நெஞ்சு வலிக்காமலே தாடையும் முதுகும் வலிக்கலாம்னு பேசிட்டிருந்தாங்க.

"டாக்டர், அந்தம்மா சொல்றது இவளைத்தானே"ன்னேன்.

"ட்வைலாம்மா, அது என் பரீட்சைக்கு. வேணா நீங்க எழுதுங்க, எனக்கும் வேலை மிச்சம்"னு சிரிச்சாரு. ஜனெலும் சேர்ந்துக்கிட்டா: "அத்தை சர்ச்சுல பிரசங்கம் கேட்டாலும் நம்ம வீட்டைத்தான் சொல்றாங்கம்பாங்க, டாக்டர்." புளிச்ச ஏப்பத்துக்கு மாத்திரை எழுதிக் குடுத்து அனுப்பிட்டாரு.

3. வீட்டு வாசல்ல கார்லேர்ந்து இறங்கும்போதே விழுந்துட்டா. ஹெலிகாப்டர்ல பிஸ்மார்க் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனாங்க. ரத்தக்குழாய் அடைச்சிருந்துச்சு. ஆண்டவர் உசிரை விட்டுவெச்சாரு, ஆனா இதயம் பலவீனமாப் போச்சு. மாத்திரை அளவை அடிக்கடி பார்த்து மாத்தணுமாம். அதை இங்க மெரில் டாக்டர்தான் பார்க்கணும். சுத்துவட்டாரத்துல வேற டாக்டர் இல்ல. பனி விழுந்தா ரோடும் இல்ல.

4. இப்ப மறுபடி டிசம்பர் வருது. அவரு கெட்டவரு இல்ல, என் புருஷன் சாகக்கிடந்தப்ப பக்கத்துலயே உட்கார்ந்திருந்தவரு. இதைப் படிச்சுட்டு நீங்க சான்றைப் பிடுங்கிட்டா கிளினிக்கை மூடிருவாங்க. கண்டுக்காம விட்டா ஜனெல் அதே நாற்காலில போய் உட்காரணும். எது நடந்தாலும் அவ உசிருக்குத்தான் ஆபத்து. ஜெபம் பண்ணிட்டுப் படுத்தாலும் அவ மூச்சு விடறாளான்னு எழுந்து போய்ப் பார்க்கறேன்.

5. ஆகவே ஐயா, சான்றை எடுக்காதீங்க. நோயாளியைப் பார்க்கற நேரத்துல ஓடின பாடத்தை மட்டும் கணக்குல சேர்க்காதீங்க. அந்த மாரடைப்புப் பாடத்தைக் கதவைச் சாத்திட்டு, தனியா உட்கார்ந்து, முதல்லேர்ந்து கேக்கச் சொல்லுங்க. ஜனெல் மறுபடி போறது டிசம்பர் முதல் வாரம். அதுக்குள்ள சொல்லிருங்க.

என் பேரை மறைக்கச் சொல்லிக் கேக்கலாம்னு இருந்தேன். மறைச்சாலும் அன்னிக்கு அந்த அறையில இருந்தது யாருன்னு அவருக்குத் தெரியும். கோவம் வந்தா என்மேல காட்டட்டும். ஜனெல்மேல மட்டும் காட்டிராம நீங்கதான் பார்த்துக்கணும்.

இடம்: ஹால்வர்சன்
தேதி: நவம்பர் 9

பயத்தோடும் பணிவோடும்,
ட்வைலா நைகார்ட்