படகு மறைக்கும் ஜன்னல்

காஞ்சிபுரம்,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகன் கமலுக்கு, அம்மா பொன்னியம்மாள் சொல்லச் சொல்ல உன் தங்கை திரிஷா எழுதுவது. இங்கே நான், அப்பா, இவள் மூவரும் சுகமாக இருக்கிறோம். தண்ணீருக்கு நடுவில் இருக்கிற நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாகத் தூங்கி எழுந்து சுகமாக இருக்க வேண்டும் என்று வெள்ளிக்கிழமைதோறும் காமாட்சியிடம் கேட்டுக்கொள்கிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் நான் ஒன்று ஆரம்பித்தால் நீ ஒன்பது சொல்லி என் வாயை அடைத்துவிடுகிறாய், மிச்சத்தைச் சொல்வதற்குள் சிக்னல் போய்விடுகிறது. எதிர்வீட்டுத் தில்லையம்மாள் மகன் சரத்குமார் லீவு முடிந்து உங்கள் கப்பலுக்கே திரும்புகிறான். பருப்புப் பொடியோடு இதையும் அவன் கையில் கொடுத்து அனுப்புகிறேன். இதில் நீ குறுக்கே பேச முடியாது, முழுசாகப் படி.

எல்லாம் நீ சொன்ன அந்த அறை விஷயம்தான். கார்த்திகைக் கடைசியில் உங்கள் கப்பல் சென்னைக்கு வரும்போது எங்கள் மூவரையும் ஏற்றி இலங்கை வரை கூட்டிப்போய்க் காட்டுகிறேன், வேலை செய்கிறவர்கள் வீட்டு ஆட்களுக்குச் சலுகை உண்டு, எந்த அறை என்று பார்த்துச் சொல்லுங்கள் என்று படங்கள் அனுப்பினாய் அல்லவா. ஜன்னலே இல்லாத உள் அறை, கடல் பக்கம் ஜன்னல் வைத்த அறை, பால்கனி வைத்த அறை. உள் அறைதான் இருப்பதிலேயே விலை குறைவு என்பதால் என் மனசு அதிலேயே போய் நின்றது. மூன்று பேர் அதில் புழங்க முடியுமா என்பதுதான் சந்தேகம். படத்தில் பெரிசாகத்தான் தெரிகிறது. ஆனால் அப்பா, கடை விளக்கு வெளிச்சத்துல பொடவை கலர் பாத்து ஏமாந்தவங்க எத்தினி பேரு, படத்த நம்பாத என்று சொல்லிவிட்டு, நீ சொன்ன நீள அகலத்தை நம் தெருவிலேயே அளந்து, தறிக்குப் பாவு நூல் நீட்டும்போது ஊன்றுகிற கட்டைகளை நாலு மூலைக்கும் வைத்துக் கயிறு கட்டிவிட்டார். உள்ளே கட்டிலுக்குப் பதில் பாய் விரித்து நானும் அவரும் படுத்துப் பார்த்தோம், இவள் படுக்கை மேலே சுவரிலிருந்து இறங்குமாமே, அதனால் கால்மாட்டில் நின்றுகொண்டாள். தில்லையம்மாள் பால் வாங்கிக்கொண்டு வந்தவள் நின்று, ஏம்மா பொன்னி, ஊடு பத்தலன்னு ரோட்ல படுத்துக்கினு இருக்கீங்களா என்றாள். அப்பா படுத்தபடியே, இது ரோடு இல்லக்கா, கப்பலு, செருப்பக் கழட்டிட்டு ஏறு என்றார். எனக்கு அப்போதுதான் தலைமாடு வடக்கே இருப்பது உறைத்தது. திரும்பிப் படு என்று அவரை எழுப்பினால், கப்பலு திரும்பும்போதெல்லாம் நானும் எழுந்து திரும்பிப் படுக்கணுமா, அப்ப எப்பதான் தூங்கறது என்கிறார். பாவு விரிக்க வந்த மயில்வாகனம் ஓரமாக நின்று அப்பாவைப் பார்த்து, கப்பல சீக்கிரம் கெளப்புப்பா கண்ணாயிரம், வெயில் ஏறுது என்று கத்த, தெருவே சிரித்தது.

அந்தச் சிரிப்போடு சிரிப்பாகத்தான் தில்லையம்மாள் சொன்னாள், உள் ரூமுல ஏன் படுத்துப் பாக்குற, உம் புள்ள உனக்குப் பால்கனி ரூம் போடணும்னு இன்னும் எட்டு மாசம் சேத்து வேலைக்கு எழுதிக் குடுக்கப் போறானாமே, சரத்து சொன்னான் என்று. எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. மார்கழியோடு உன் கப்பல் வேலைக் கணக்கு முடிந்து தைக்கு வீட்டில் இருப்பாய் என்றுதானே நாங்கள் இருக்கிறோம். போன வருஷமும் நீ இல்லாத பொங்கல்தான். சரத்குமாரைக் கூப்பிட்டுக் கேட்டேன். நீ படுக்கிற அறை எது, அதில் ஜன்னல் உண்டா என்று. அவன் தலையைச் சொறிந்துகொண்டு, நாங்கல்லாம் தண்ணி மட்டத்துக்குக் கீழ ஆண்ட்டி, ஜன்னல் வச்சா மீனுதான் எட்டிப் பாக்கும் என்றான். ஏன் கண்ணு, என்னிடம் ஒரு நாளும் சொல்லவில்லையே. நீ கீழே இருட்டில் படுத்து எழுந்து ஊரார் படுக்கையெல்லாம் விரித்துவிட்டு, எனக்காக இன்னும் எட்டு மாசமும் அங்கேயே கிடப்பாய், நான் மேலே பால்கனியில் உட்கார்ந்து காபி குடிப்பேனா. அது தொண்டையில் இறங்குமா. தூங்குவதற்குத்தானே அறை, கண்ணை மூடினால் எல்லா அறையும் உள் அறைதான். எங்களுக்கு அதுவே போதும். இரு, அடுப்பில் குழம்பு அடிப்பிடிக்கிறது.

அண்ணா, அம்மா உள்ளே போயிருக்கிறாள், இது நான். போனில் ஹலோ சொன்னதும் அம்மாவிடம் கொடுத்துவிடுகிறவள்தான், வாயால் சொல்ல எனக்கு வராது, எழுதிவிடுகிறேன். உள் அறை போதும் என்று அம்மா சொல்வதை நம்பாதே. கயிற்றுக்குள் படுத்திருந்தபோது, கடல் எந்தப் பக்கம்டி வரும் என்று என்னிடம் மெதுவாகக் கேட்டாள். நான் சும்மா எதிர்வீட்டுப் பக்கம் கையைக் காட்டினேன். அங்கே ஒரு ஸ்கூட்டரும் கொடியில் இரண்டு நைட்டியும்தான் இருந்தன. அம்மா அந்தப் பக்கமே திரும்பிப் படுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். நீ அனுப்பிய கப்பல் வரைபடத்தைப் போனில் பெரிசாக்கிப் பார்த்தேன். நடு மாடியில் சில அறைகளுக்கு ஜன்னல் உண்டு, ஆனால் அதற்கு எதிரே ஆபத்துக்கு இறக்குகிற படகைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். கடல் மறைகிறது என்று யாரும் கேட்பதில்லையாம், அதனால் உள் அறையைவிடக் கொஞ்சம்தான் கூடுதல். தில்லையம்மாள் அத்தையை விட்டுச் சரத்து அண்ணனிடம் கேட்கச் சொன்னேன். படகுக்கு மேலே ஒரு சாண் கடல் தெரியுமாம், கப்பலின் நடு என்பதால் ஆட்டமும் குறைவாம். அந்தக் கொஞ்சத்தை நான் தருகிறேன். பத்தாவதோடு நின்றாலும் கடையில் புடவை மடித்து நானும் சம்பாதிக்கிறேன். நீ எதிலும் கையெழுத்துப் போடாதே அண்ணா. அம்மா வருகிறாள்.

கமலு, நான் போய் வருவதற்குள் இவள் பக்கத்தையே நிரப்பி வைத்திருக்கிறாள். என்னடி என்றால் தலையைக் குனிந்துகொண்டாள். வாசி என்றேன். வாசித்துவிட்டு, அடிச்சிடட்டுமாம்மா என்று கேட்டாள். எழுதினது இருக்கட்டும் என்றேன். வரதர் கோயில் கருட சேவையில் எந்த வருஷம் நாம் பெருமாளை முழுசாகப் பார்த்தோம். முன்னால் நிற்கிறவன் தோளில் ஒரு பிள்ளை, மேலே குடை, இடுக்கில் ஒரு கணம் முகம். அதைப் பார்த்துவிட்டுத்தானே வருஷம் பூராவும் பெருமாளைச் சேவித்தேன் என்று சொல்லிக்கொள்கிறோம். ஒரு சாண் கடல் எனக்குத் தாராளம். அப்பாவிடம் சொன்னதற்கு, படகு நம்ம ரூம் வாசல்லயே இருக்குதா, அப்ப மொதல்ல ஏறிக்கலாம் என்கிறார்.

ஆகவே அந்தப் படகு மறைக்கும் அறையையே போடு. ஆனால் எட்டு மாசக் காகிதத்தில் நீ கையெழுத்துப் போட்டுவிட்டாய் என்று தெரிந்தால் நாங்கள் துறைமுகத்துக்கே வரமாட்டோம், அப்பா கட்டிய கயிற்றுக் கப்பலே எங்களுக்குப் போதும். இன்னொன்று, எங்கள் அறைக்கு வேலையாக நீ வரக் கூடாது, என் படுக்கையை நானே மடித்துக்கொள்வேன். வருவதானால் ஓய்வு நேரத்தில் வேலைக்குப் போடுகிற மேல்கோட்டு இல்லாமல் என் பிள்ளையாக வந்து அந்த ஜன்னல் ஓரம் கொஞ்சம் உட்கார். கீழே படுக்கிறவனுக்கும் கடல் தெரிய வேண்டாமா. எண்ணெய் தேய்த்துக் குளி, பொடியை ஈரக் கையால் எடுக்காதே. காமாட்சி உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பாள். நீடூழி வாழ்க.

எழுதியவள் திரிஷா. கையெழுத்தை மட்டும் நானே போடுகிறேன்.

உன் அம்மா,
பொன்னியம்மாள்