மழைநீர்க் கட்டணமும் பின் குசினியும்

ஆகஸ்ட் 5, செவ்வாய்

வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்ற முன்னமே மனைவி ராஜகுமாரி நகரக் கவுன்சில் கடிதத்தை நீட்டினாள். மழைநீர்க் கட்டணம் இந்த வருடம் புது முறையாம். காணியில் எவ்வளவு இடம் கூரையும் கொங்கிரீட்டுமாக மூடிக் கிடக்கிறதோ, அதற்கேற்ற காசு. மண்ணுக்குள் இறங்காத மழை வாய்க்காலுக்குத்தானே போகும், அது நியாயம்தான். ஆனால் வானத்திலிருந்து பிடித்த படத்தில் பச்சையாகத் தெரியாத எல்லாவற்றையும் கூரை என்று எழுதி வைத்திருக்கிறார்கள். என் பாகல் பந்தலுக்குப் போட்ட கறுப்பு நிழல் வலையும் கூரையாம்! மழை நேரே ஒழுகுகிற வலை!

பக்கத்து வீட்டுச் சங்கரி அக்காவுக்கு எங்களைவிடக் கூட. பின்வளவு முழுக்கக் கத்தரியும் மிளகாயும், எல்லாம் வலைக்குக் கீழே. பென்சனில் தனியே சீவிக்கிற மனிசி. "தம்பி, இவ்வளவு காசுக்கு நான் எங்க போறது?" என்று வேலியடியில் நின்று கேட்டார். இரவே கவுன்சிலுக்கு மனு எழுதத் தொடங்கினேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

தெருவில் அநேகமாக எல்லோரும் மனுவில் கையெழுத்து வைத்துவிட்டார்கள். மற்றப் பக்கத்து வீட்டுத் தர்மேந்திரன், "குணம் அண்ணை, நீங்கதான் கதைக்கவேணும். உங்களுக்குத்தான் வாய் இருக்கு" என்றான். புகழ்ச்சி என்றே எடுத்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

கவுன்சில் கூட்டம். படத்தில் பிழை வராது என்று கட்டணப் பகுதி அதிகாரி திரும்பத் திரும்பச் சொன்னார். எனக்குக் கோபம் ஏறிவிட்டது. படத்தை விடுங்கள், வந்து அளந்து பாருங்கள், என் வீட்டிலிருந்தே தொடங்குங்கள் என்று சத்தம் போட்டேன். எங்கள் ஆட்கள் கை தட்டினார்கள். அந்த மனுசன் உடனே ஒத்துக்கொண்டார். இரண்டு வீட்டை நேரில் அளப்பார்களாம். படம் பிழை என்று தெரிந்தால் தெரு முழுவதற்கும் திருத்துவார்களாம். சங்கரி அக்கா வீடு ஒன்று, எங்களுடையது மற்றது.

கார் தரிப்பிடத்தில் என் கையைப் பிடித்துக் குலுக்கிய தர்மேந்திரன், பாதியில் விட்டான். "அண்ணை... பின் குசினி?"

ஐயோ. நான் என்ன செய்து போட்டன்?

கவுன்சிலில் ஒரு வார்த்தை கேளாமல் நானே பின்வளவில் தகரம் அடித்துக் கட்டிய சமையல் குசினி. எங்களுடையது மட்டுமா? தெருவில் தமிழ் வீடென்றால் பின்னால் ஒன்று நிற்கும். உள் குசினி தேத்தண்ணிக்கும் விருந்தாளிகளுக்கும். மீன் பொரிக்கிறது, தூள் வறுக்கிறது எல்லாம் பின்னால். கை தட்டினவர்களில் யாருக்கும் அது ஞாபகம் வரவில்லை. எனக்கே வரவில்லையே.

ஆகஸ்ட் 20, புதன்

நித்திரை இல்லை. தண்டம் அடிப்பார்களா? எவ்வளவு?

ஆகஸ்ட் 24, ஞாயிறு

தர்மேந்திரன் வந்தான். அளவையை விட்டுவிடச் சொல்கிறான். "உங்கட வளவுக்க நிண்டா மதிலுக்கு மேலால எங்கடயும் தெரியும் அண்ணை." எனக்குப் பதிலாக வேறு வீடு தர யாரும் தயாரில்லை, கேட்டுப் பார்த்துவிட்டேன். நான் விலகினால் அளவை இல்லை. சங்கரி அக்கா தலையில் அந்தக் காசு அப்படியே கிடக்கும்.

விலகாவிட்டால்? ராஜகுமாரி முதியோர் இல்லத்தில் வேலை முடித்து வந்து, அந்தக் குசினிக் கதிரையில் அமர்ந்து ரேடியோவைப் போட்ட பிறகுதான் அவள் முகம் அவள் முகமாகிறது. இன்னும் என்னை ஏசவில்லை. ஏசினால்கூடப் பரவாயில்லை.

ஆகஸ்ட் 30, சனி

ஹெலன்ஸ்பர்க் கோயில். அளக்க வருகிறவர்களின் கார் வழியில் நின்றுவிட வேண்டும் என்று பெருமாளிடம் கேட்டேன். இந்த வயதில் இப்படி ஒரு வேண்டுதல். வெட்கமாக இருக்கிறது.

செப்டெம்பர் 2, செவ்வாய்

விலகப்போகிறேன் என்று ராஜகுமாரியிடம் சொன்னேன்.

"ஓம், விலகுங்கோ. சங்கரி அக்காவிட்ட ஆர் போய்ச் சொல்றது? நீங்களோ?"

கையிலிருந்த போனைக் கீழே வைத்தேன்.

"வரட்டும்" என்றாள். பிறகு பின்னால் போய் அடுப்பைத் துடைத்துக்கொண்டு நின்றாள், சுத்தமாக இருந்த அடுப்பை.

செப்டெம்பர் 4, வியாழன்

வந்தார்கள். நல்ல மழை. அளவு நாடாவோடு ஒரு இளம் பெண், கூட ஒரு பொடியன். தர்மேந்திரன் வீட்டுக் கொடியில், கொட்டுகிற மழையில், கட்டில் விரிப்புகளும் சேலைகளும் வரிசையாகத் தொங்கின. மறைக்கிறானாம்! அந்தப் பெண் அதைப் பார்த்துவிட்டு நாடாவை விரித்தாள்.

அக்கா வீட்டிலும் இங்கேயும் நிழல் வலைக்குக் கீழே கையை நீட்டினாள். கை நனைந்தது. இது கூரையில்லை என்று எழுதிக்கொண்டாள். பிறகு குசினியைப் பார்த்துவிட்டு, இதற்கு அனுமதி உண்டா என்று கேட்டாள். சாமான் கொட்டில் என்று சொல்லிப் பார்க்கலாம்தான். வந்து அளந்து பாருங்கள் என்று கத்தினவன் நான். இல்லை என்றேன். நாடாவின் மறு நுனியை நானே சுவரோடு பிடித்தேன். தான் மழைநீர்ப் பகுதி, ஆனால் அளந்ததை எழுதத்தான் வேண்டும் என்றாள்.

ஒக்டோபர் 14, செவ்வாய்

இரண்டு கடிதம். வலை கூரையல்ல, தெரு முழுவதற்கும் கட்டணம் குறைகிறது. சங்கரி அக்கா என் கையைப் பிடித்தவர், விடவில்லை. மற்றது கட்டடப் பகுதியிடமிருந்து. தண்டமில்லை. ஆனால் குசினி வேலியோடு ஒட்டி நிற்பதால் அனுமதி தர முடியாது, கழற்ற வேண்டும்.

நவம்பர் 1, சனி

கழற்றினேன். ஏணியை ராஜகுமாரி பிடித்தாள்.

நவம்பர் 8, சனி

பாரை மீன் வாங்கி, தூளும் உப்பும் பிரட்டி வைத்தாள். எங்கே பொரிப்பது? உள்ளே சட்டியை வைத்ததுமே புகை மணி அலறியது. யன்னலைத் திறந்தால், தர்மேந்திரன் வீட்டுப் பின் குசினியிலிருந்து மீன் பொரிகிற மணம். கட்டணமும் குறைந்தது, குசினியும் நிற்கிறது அவனுக்கு! எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. கண்டபடி திட்டினேன்.

ராஜகுமாரி அடுப்பை அணைத்தாள். மீன் தட்டை ஒரு கையிலும் எண்ணெய்ப் போத்தலை மற்றக் கையிலும் எடுத்தாள்.

"எங்க போறாய்?"

"அங்க அடுப்பு எரியுதுதானே. நீங்க எங்கட வீட்டை அளக்கக் குடுத்தபடியாத்தான் அது இன்னும் நிக்குது. பொரிச்சுப்போட்டு வாறன்."

கொஞ்ச நேரத்தில் மதிலுக்கு அப்பால் அவள் சிரிக்கிற சத்தம் கேட்டது. ஒரு வாரத்துக்குப் பிறகு கேட்கிறேன். நான் சோற்றுக்கு அரிசி கழுவிப் போட்டேன்.