சும்மா இருந்த வகுப்பு

கண்டி,
4-6-1931

அன்புள்ள மயில்வாகனம் அண்ணைக்கு,

ஹுன்னஸ்கிரியக் குளிர் உங்களை வாட்டாதிருக்க வேண்டும். தேயிலைத் தோட்டத்துக் கிளாக்கர் வேலை பிடித்திருக்கிறதா?

ஒரு சிறு உதவி. செய்யுளை வாசித்தபின் பிள்ளைகளை அமைதியாகச் சிந்திக்கவிடுபவரே நல்ல ஆசிரியர் என்கிறார் புது இன்ஸ்பெக்டர். அந்தப் பழக்கத்தை இங்கே தொடக்கியது நான்தான் என்று சொல்லிவிட்டேன். அடுத்த கிழமை என் வகுப்பைப் பார்க்க வருகிறார். நான் பேச்சை நிறுத்தினால் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். நீங்கள் இந்தப் பள்ளியில் இருந்தபோது எப்படிச் செய்தீர்கள்? என் பதவியே இதில்தான் தங்கியிருக்கிறது.

உங்கள் தம்பி போன்ற,
சுந்தரலிங்கம்

ஹுன்னஸ்கிரிய,
7-6-1931

தலைமை ஆசிரியர் அவர்களுக்கு,

தம்பி என்று எழுதக் கை கூசவில்லையா? “மயில்வாகனம் வகுப்பில் சும்மா இருக்கிறார்” என்று பள்ளிக்கூட மனேஜர் துரைக்கு எழுதியவர் நீங்கள். துரை அதைச் சோம்பல் என்று விளங்கிக்கொண்டு என்னை வீட்டுக்கு அனுப்பினார். நீங்கள் திருத்தவில்லை. என் தலைமை ஆசிரியர் கதிரையில் ஏறி இருந்தீர்கள்.

போகட்டும், கேட்டதற்குச் சொல்கிறேன். வாசித்து முடித்ததும் கையைக் கட்டி வாயைப் பொத்தச் சொல்லுங்கள். பிரம்பு மேசையில் தெரியட்டும். அசைகிறவனுக்கு ஒன்று போடுங்கள். மூச்சுச் சத்தம்கூட வராது.

மயில்வாகனம்

கண்டி,
16-6-1931

அண்ணை,

அமைதி வந்தது. என்ன யோசித்தாய் என்று இன்ஸ்பெக்டர் முன்வரிசைப் பையனைக் கேட்டார். “அடி விழக்கூடாதுன்னுதான் நெனச்சேன் ஐயா” என்றான். இன்ஸ்பெக்டர் எழும்பிப் போய்விட்டார். இன்று என்னை உதவி ஆசிரியராக இறக்கிவிட்டார்கள்.

தெரிஞ்சுகொண்டே என்னை ஏமாத்திப்போட்டியள். ஒத்திகையில் இரண்டு பிள்ளைகளுக்குக் கை வீங்கிவிட்டது. உங்களுக்கு மனச்சாட்சி இல்லையோ?

சுந்தரலிங்கம்

ஹுன்னஸ்கிரிய,
20-6-1931

சுந்தரலிங்கம்,

ஓம், தெரிந்துதான் எழுதினேன். என் வகுப்பில் பிரம்பே இருந்ததில்லை. சன்னலோரம் நின்று வேவு பார்த்த உங்களுக்கு அது தெரியும். செய்யுளை வாசித்துவிட்டு நான் அதையே நினைத்துக்கொண்டிருப்பேன். என்னைப் பார்த்துப் பிள்ளைகளும் நினைக்கும். வேறு வித்தை கிடையாது. இதை எழுதியிருந்தால் நம்பியிருக்க மாட்டீர்கள். பிரம்பு என்றதும் நம்பினீர்கள்.

உங்கள் பதவி போனதில் எனக்குச் சந்தோஷம். கடிதம் கிடைத்த அன்று வயிறாரச் சாப்பிட்டேன்.

ஆனால் உங்களுக்குக் குழி வெட்டும்போது அந்தப் பிள்ளைகளின் கையை நான் நினைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை கண்டிக்கு வந்து, அவர்கள் வீட்டு வாசலில் நின்று மன்னிப்புக் கேட்பேன். உங்கள் வீட்டுப் பக்கம் வரமாட்டேன்.

மயில்வாகனம்