காலிக் குமிழ்கள்

ஜூன் 4

இல்லை, வெட்கமெல்லாம் இல்லை. பறக்கிற மனிதனுக்கு வசனம் எழுதுவதும் எழுத்துதான். திரையில் ஒரு வாய் திறக்கிறது, மூடுகிறது. அந்தத் திறப்புக்கும் மூடலுக்கும் நடுவே நம் மொழி பொருந்தி உட்கார வேண்டும். வெண்பா எழுதியவர்களுக்கு இதைவிட அதிகச் சுதந்திரம் இருந்ததா என்ன?

சங்கடம் வேறு. இந்தப் படம் என்னிடம் வந்திருப்பதை வீட்டில் சொல்ல முடியாது. வெளியாகும்வரை வாய்திறக்க மாட்டேன் என்று டப்பிங் ஸ்டுடியோவில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். போடாவிட்டாலும் சொல்லியிருக்க மாட்டேன். படம்: சாம்பல் சிறகன். நான் குடியிருப்பது: சாம்பல் சிறகன் வாசகர் சங்கத் தலைவரின் வீட்டில், பின்னறையில்.

தலைவர் என் அண்ணன்.

ஜூன் 7, ஞாயிறு

கூடத்தில் சங்கம் கூடியது. பின்னறைக் கதவைச் சாத்தினாலும் காது சாத்தவில்லை.

இன்றைய பொருள்: முன்னோட்டத்தில் சிறகனுக்கு வலது தோளில் காயம். படக்கதைப் புத்தகத்தில் இடது தோள்.

"கண்ணாடியில பாத்து மேக்கப் போட்டிருப்பானுங்க," என்றார் பல் டாக்டர். சங்கத்தின் செயலாளர். நாளெல்லாம் கண்ணாடியில் வாய் பார்ப்பவர்.

"சிரிக்காதீங்க. இன்னிக்கு தோள். நாளைக்கு சிறகே இல்லாம விடுவான்." இது தொப்பி என்று பெயர் வாங்கிய உறுப்பினன். முடி கொட்டத் தொடங்கிய நாளிலிருந்து அதைக் கழற்றியதில்லை.

அண்ணி தேநீர்த் தட்டோடு உள்ளே போனாள். "தோள் எதுவா இருந்தா என்ன, தம்பி? ஆறினா சரி."

அண்ணியை அவர்கள் மூலநூல் படிக்காதவளாக மன்னித்துவிட்டார்கள்.

பிறகு அண்ணன் தொண்டையைச் செருமினான். கூடம் அடங்கியது. "தோள், சிறகு எல்லாத்தையும் விட்டுக்கொடுப்போம். நாப்பத்தோராம் பக்கத்தை மட்டும் விடக்கூடாது. அங்க அவனைப் பேச வச்சான்னா, அந்த வசனத்தை எழுதறவன் கையை…" மீதியைச் சொல்லவில்லை. நாகரிகமானவன்.

நான் என் கையைப் பார்த்துக்கொண்டேன்.

ஜூன் 8

நாற்பத்தோராம் பக்கம்—

சிறகனின் அம்மா ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கிறாள். இறந்துவிட்டாள். முகமூடியைக் கழற்றிவிட்டு அவன் அருகில் உட்கார்ந்திருக்கிறான். ஐந்து கட்டங்கள். ஐந்திலும் அவன் தலைக்கு மேல் பேச்சுக்குமிழ். ஐந்தும் காலி. வெள்ளையாக, எழுத்தே இல்லாமல்.

பேச வாயெடுத்து, சொல் வராதவன். எங்கள் மொழியில் மாத இதழாக வந்த அந்தப் பதிப்பைப் படித்த எவரும் அந்தப் பக்கத்தை மறந்ததில்லை. சங்கத்தின் பனியனில்கூட காலிக் குமிழ்தான்.

எங்கள் அம்மா இறந்தபோது நான் சிறுமி. அண்ணன் கல்லூரியில் சேர்ந்த வருடம். கூடம் முழுக்க அழுகை. அவன் மட்டும் அழவில்லை, பேசவும் இல்லை. கல்நெஞ்சன் என்று ஒரு அத்தை சத்தமாகவே சொன்னாள். மாலையில் அவன் என்னைப் பின்னறைக்கு இழுத்துப்போய் அந்தப் பக்கத்தைப் பிரித்துக் காட்டினான். "பாரு, இவனாலயும் முடியல." அவ்வளவுதான். அதற்குப் பிறகு அம்மாவைப் பற்றி நாங்கள் பேசியதே கிடையாது. தேவைப்பட்டால் அந்தப் புத்தகம் அலமாரியில் இருந்தது.

பல்கலைக்கழகத்தில் என் ஆய்வேடும் அதே பக்கம்தான். 'மொழி தோற்கும் இடம்'. வழிகாட்டி ஓரத்தில் 'அபாரம்' என்று எழுதியிருந்தார்.

ஜூன் 11

படக் கம்பெனி அனுப்பிய கோப்பில், தொனி புரிவதற்காக மூலப் பக்கங்களும் இருந்தன. அயல்மொழியில் முதலில் வெளிவந்த அசல் பக்கங்கள்.

நாற்பத்தொன்றைத் திறந்தேன்.

குமிழ்கள் காலியில்லை.

ஐந்தும் நிறைய நிறைய எழுத்து. அவன் பேசுகிறான். வாயே மூடவில்லை.

ஜூன் 12

யாரோ வசனத் துண்டுகளை ஒட்ட மறந்திருக்கிறார்கள். அந்தக் காலத்தில் குமிழை வெள்ளையடித்துவிட்டு, அச்சடித்த துண்டை வெட்டி மேலே ஒட்டுவார்களாம். அந்தப் பக்கத்துக்கு மட்டும் ஒட்டவில்லை. உணவு இடைவேளையாக இருந்திருக்கலாம். பசை தீர்ந்திருக்கலாம்.

மொழி தோற்கும் இடம்!

அபாரம்.

ஜூன் 14, ஞாயிறு

சங்கம் மனு எழுதியது: 'மூலநூலுக்கு விசுவாசமாக, அந்தக் காட்சியில் எங்கள் மொழி வசனத்தைத் தவிர்க்கவும்.' தலைவர் வாசிக்க, மற்றவர்கள் திருத்தினார்கள். 'விசுவாசமாக' என்பதை 'முழு விசுவாசமாக' ஆக்கும்படி பல் டாக்டர் கேட்டார். ஆக்கினார்கள்.

இணையத்தில் ஏற்றிவிட்டார்கள். ஊரே கையெழுத்துப் போடுகிறது.

ஜூன் 17

எழுதினேன். முழு நாளும் அந்த ஒரு காட்சி.

படம் அசலை ஒட்டியே எடுக்கப்பட்டிருக்கிறது. சிறகன் செத்துப்போன அம்மாவிடம் என்ன பேசுகிறான்? அடுப்படிக் குழாயைப் பற்றி. மாடிக் கட்டடங்களைத் தூக்கி நிறுத்துகிறவன், வீட்டில் சொட்டுகிற குழாயைச் சரிசெய்யாமல் தள்ளிப்போட்டிருக்கிறான்.

நடிகரின் உதடு மூடும் இடங்களில் ப, ம வர வேண்டும். திறந்தே இருக்கும் இடத்தில் அவை வரக்கூடாது. காலையிலிருந்து கண்ணாடி முன் நின்று வாயை அசைத்துக்கொண்டிருந்தேன். அண்ணி எட்டிப்பார்த்துவிட்டு, "பல்லு வலியா? உங்கண்ணன் ஃப்ரெண்டு டாக்டர்கிட்டயே காட்டேன்," என்றாள்.

கடைசியில் வந்தது:

'அம்மா, அடுப்படிக் குழாய் இன்னும் சொட்டுது. வாஷர் வாங்கி வச்சிருக்கேன். பாக்கெட்லதான் இருக்கு. நாளைக்கு மாட்டிடறேன். அதுவரைக்கும் பாத்திரத்தை மட்டும் அடியில வச்சுடு, என்ன?'

இதைவிட நல்லதாக நான் எதுவும் எழுதியதில்லை. ஆய்வேடும் சேர்த்துத்தான்.

ஜூன் 19

மேனேஜர் அக்கா கூப்பிட்டார். டப்பிங் ஸ்டுடியோவில் எதற்கும் அவர்தான் முடிவு, முடிவு வேறெங்கோ எடுக்கப்படும்வரை.

"நல்லா எழுதியிருக்கேம்மா. நேத்து பதிவு பண்றப்ப சவுண்ட் என்ஜினியர் கேட்டுட்டு மைக்கை ஆஃப் பண்ணிட்டு வெளிய போயிட்டாரு. ஆனா கம்பெனி பயப்படுது. அந்த மனு. காட்சியில சத்தத்தை எடுத்துட்டு மியூசிக் போடலாமாங்கறாங்க."

"வாய் அசையுமே அக்கா?"

"அசையட்டும்கறாங்க. ஏதோ சங்கத் தலைவராம், தினம் போன் பண்றாரு. மரியாதையாத்தான் பேசறாரு, விடத்தான் மாட்டேங்கறாரு. அந்த மனுஷன் வாபஸ் வாங்கினா உன் வசனம் பொழைக்கும்."

அந்த மனுஷன் இன்று காலை எனக்குத் தோசை திருப்பிப்போட்டான்— இல்லை, அது நேற்று. இன்று ரொட்டி.

என் வசனம் பிழைக்க அவனுடைய பக்கத்தைப் பிடுங்க வேண்டும். அவனிடம் இருப்பது அந்த ஒரு பக்கம்தான்.

சொல்வதா?

ஆய்வேட்டில் இதை 'வாசகனின் மரணம்' என்று ஓர் அடிக்குறிப்பில் முடித்திருப்பேன். அடிக்குறிப்புக்கு அண்ணன் கிடையாது.

ஜூன் 20

சொல்லக்கூடாது என்று முடிவெடுத்துவிட்டு, அவனுடைய கடைக்குப் போனேன்.

மூக்குக்கண்ணாடிக் கடை. அவன் ஓர் அம்மாளுக்குக் கண் சோதித்துக்கொண்டிருந்தான். "கடைசி வரி தெரியுதா?" "தெரியல." "இப்ப?" "இப்பவும் தெரியல." "பரவால்ல, அது யாருக்கும் தெரிய வேண்டிய அவசியமில்ல." அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே போனாள்.

"என்ன, இந்த நேரத்துல?"

"அந்த வசனத்தை எழுதறவன் கை… என் கைதான்," என்றேன்.

அவனுக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. "நீயா? அன்னிக்கு நான் கண்டபடி பேசினேனே!"

"கேட்டேன். அடுத்த ரூம்லதானே இருந்தேன்."

"ஏண்டி சொல்லல?"

பதிலாக அசல் பக்கத்தை மேசையில் வைத்தேன். லென்சை எடுத்துப் பார்த்தான். நல்ல பார்வை உள்ளவன். லென்ஸ் தேவையே இல்லை. ஐந்து கட்டத்தையும் பார்த்தான். மறுபடி முதல் கட்டத்துக்கு வந்தான்.

"இதுல எழுத்து இருக்கு."

"ஆமா."

"நம்ம புத்தகத்துல…"

"விட்டுப்போச்சு. ஒட்டாம விட்டுட்டாங்க."

கத்துவான் என்று நினைத்தேன். நாற்காலியில் உட்கார்ந்தான். வாடிக்கையாளர் உட்காரும் நாற்காலி. எதிரே எழுத்துப் பலகை.

"என்ன சொல்றான்? படி."

படித்தேன். என் வரிகளை, குரல் ஏற்றாமல், வெறுமனே.

வாஷர் வந்த இடத்தில் தலையைத் தூக்கினான். முடித்ததும், "இன்னொரு தடவை," என்றான். படித்தேன்.

"அன்னிக்கு ஃபேன் கிறீச் கிறீச்னு சத்தம் போட்டுட்டே இருந்துது," என்றான். "அம்மாவைப் படுக்க வச்சிருந்த ரூம்ல. எண்ணெய் விடணும், எண்ணெய் விடணும்னு அதையேதான் நெனச்சிட்டிருந்தேன். வேற ஒண்ணுமே வரல. பெத்தவ செத்துக் கெடக்கா, ஃபேனுக்கு எண்ணெய் விடணும்னு நெனக்கற ஜென்மம் எப்படிப்பட்ட ஜென்மம்னு… யார்கிட்டப் போய் சொல்ல?"

அசல் பக்கத்தை மறுபடி அவன்முன் நகர்த்தினேன்.

"குழாயாம்," என்றான். சிரித்தானா, வேறேதாவதா, தெரியவில்லை. மேசையிலிருந்த கண்ணாடி ஒன்றை எடுத்துத் துடைத்தான். துடைத்துக்கொண்டே இருந்தான்.

மனுவை வாபஸ் வாங்கச் சொல்லி நான் கேட்கவே இல்லை. "நாளைக்கு எல்லாரும் கல்யாணத்துக்குப் போறாங்க. அடுத்த ஞாயித்துக்கெழமை சங்கத்துல பேசறேன்," என்று அவனே சொன்னான்.

ஜூன் 25

கடையிலும் வீட்டிலும் முணுமுணுத்துக்கொண்டே திரிகிறான். அண்ணி என்னிடம் ரகசியமாக: "உங்கண்ணனுக்கு என்னடி ஆச்சு? பாத்ரூம்ல நின்னு 'வாஷர் வாங்கி வச்சிருக்கேன்'ங்கறாரு. போய்ப் பாத்தா நம்ம குழாய் நல்லாத்தான் இருக்கு."

ஜூன் 28, ஞாயிறு

எல்லாவற்றையும் கேட்டேன். கதவைச் சாத்தவே இல்லை.

அண்ணன் அசல் பக்கத்தைச் சுற்றுக்கு விட்டான். பழைய இதழ்களைக் குடைந்து இன்னொன்றும் கண்டுபிடித்திருந்தான். அடுத்த இதழில், குறுக்கெழுத்துப் போட்டிக்குக் கீழே பொடி எழுத்தில்: 'சென்ற இதழின் 41ஆம் பக்கத்தில் வசனங்கள் விடுபட்டமைக்கு வருந்துகிறோம்.' எல்லோரிடமும் அந்த இதழ் இருக்கிறது. எல்லோரும் குறுக்கெழுத்து போட்டிருக்கிறார்கள்.

முதலில் பல் டாக்டர்:

"வருந்தறது அச்சடிச்சவன். அவன் வருத்தத்துக்கு நாம என்ன பண்ண முடியும்?"

"யோவ், படைச்சவனே பேச வச்சிருக்கான்யா!" என்றான் அண்ணன்.

"அவங்க ஊருக்குப் பேச வச்சிருப்பான். நாம படிச்சது எதை? காலியாத்தானே படிச்சோம்? நமக்கு அதுதான் மூலம்."

"அப்ப மூலநூலுக்கு விசுவாசம்னு மனுவுல எழுதினது?"

"நம்ம மூலநூலுக்கு."

தொப்பி எழுந்து நின்றான். குரல் உடைந்திருந்தது. "தலைவரே, நீங்க மாறிட்டீங்க. படக் கம்பெனிக்காரன் பேசற மாதிரியே பேசறீங்க."

அண்ணன் ஒரு நொடி என் அறைப் பக்கம் பார்த்தான். என் பெயரைச் சொல்லவில்லை.

கை தூக்கினார்கள். மூலநூலைக் காட்டிய குற்றத்துக்காக மூலநூல் காப்பவர்களின் தலைவர் நீக்கப்பட்டார். புதிய தலைவர் பல் டாக்டர். மனு அப்படியே நிற்கும்.

அண்ணி தட்டுகளை எடுத்துக்கொண்டே: "வீட்டுக்காரரையே நீக்கியாச்சு. அடுத்த வாரம் எங்க கூடறதா உத்தேசம்?"

ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வேறு யார் வீட்டிலும் கூடம் இவ்வளவு பெரிதில்லை.

"இங்கதான் அண்ணி," என்றான் தொப்பி, தரையைப் பார்த்து.

"அப்ப இனிமே சர்க்கரை நீங்க வாங்கிட்டு வாங்க."

ஜூலை 3

மேனேஜர் அக்கா: "சாரிம்மா. மியூசிக் போட்டுட்டாங்க."

என்ஜினியர் என் வசனப் பதிவை அழிக்கவில்லை என்றார். எங்கே வைத்திருக்கிறார் என்று நான் கேட்கவில்லை.

ஜூலை 12, ஞாயிறு

சங்கம் வெற்றி விழா கொண்டாடியது, எங்கள் கூடத்தில். முகம் தெரியாத வசனகர்த்தாவுக்கு நன்றித் தீர்மானம்: 'எழுதாமல் விட்டதன் மூலம் மூலத்தைக் காத்தவர்.' என் எழுத்துக்கு இதுவரை எழுத்தில் கிடைத்த பாராட்டுகளில் இது இரண்டாவது. முதலாவதான 'அபாரம்'கூட இதே பக்கத்துக்குத்தான்.

அண்ணன் அடுப்படியில் அண்ணிக்கு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தான். விழாவுக்கு அவனுக்கு அழைப்பில்லை. "வெளிய போய் உக்காரேன், உன் வீடுதானே," என்றேன். "வேணாம், உறுப்பினர் இல்ல," என்றான், விதிகளை எழுதியவன்.

ஜூலை 24

படம் வெளியானது. பகல் காட்சிக்கு நானும் அண்ணனும் போனோம். அண்ணி வரவில்லை. "ரெண்டு பேரும் எதையாவது சொல்லிச் சொல்லிப் பாப்பீங்க. எனக்கு முடியாது."

சங்கம் முழுதும் எங்களுக்குப் பின் வரிசையில், காலிக் குமிழ்ப் பனியனோடு. பல் டாக்டர் வணக்கம் வைத்தார். அண்ணனும் வைத்தான்.

வலது தோளில் காயம். பின்னால் ஒரு பெருமூச்சு.

பிறகு அந்த அறை, கட்டில், அம்மா. சிறகன் முகமூடியைக் கழற்றினான். வசனம் நின்று வயலின் எழுந்தது. நடிகரின் வாய் அசையத் தொடங்கியது, கண்ணாடிக்கு அந்தப்பக்கம் நின்று பேசுகிறவனைப்போல.

பின்வரிசையில் யாரோ விம்மினார்கள். தொப்பியாக இருக்கும்.

என் இடப்பக்கத்திலிருந்து குரல். மெதுவாக, ஆனால் தெளிவாக.

"அம்மா, அடுப்படிக் குழாய் இன்னும் சொட்டுது."

அண்ணன் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். உதடு மூடும் இடத்தில் மூடினான்.

"வாஷர் வாங்கி வச்சிருக்கேன். பாக்கெட்லதான் இருக்கு."

"ஸ்ஸ்ஸ்," என்றார்கள் பின்னாலிருந்து. "மௌனத்தைக் கெடுக்காதீங்க சார்."

அவன் நிறுத்தவில்லை. குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டான், அவ்வளவே. நாளைக்கு மாட்டிடறேன் என்றான். பாத்திரத்தை அடியில் வைக்கச் சொன்னான். 'என்ன?' என்ற இடத்தில் நடிகரின் வாயும் அவனுடைய வாயும் ஒன்றாக நின்றன. ஓர் எழுத்துகூடப் பிசகவில்லை.

பின்வரிசை எழுந்து நின்று கைதட்டியது.

இடைவேளை விட்டதும் நான் வெளியே போய் வரிசையில் நின்று இரண்டு காபி வாங்கிவந்தேன்.