அடுப்பு தொடாத கிண்ணம்

பதுளை, 1912. ஆடி முதல் வெள்ளி.

தூக்கம் வரவில்லை. தேயிலைத் தோட்டத்துக் கூலி லயத்தில் பிறந்தவள் என்று நான் சமைத்ததை மாமியார் தொடுவதில்லை. ஆனால் ஆடி வெள்ளி விரதத்தில் அடுப்பு ஏறாததைத்தான் உண்பார். ஊறவைத்தது யார் கையாக இருந்தாலும் தோஷமில்லை என்று அவரே சொல்லியிருக்கிறார். அதைப் பிடித்துக்கொண்டேன்.

திருநீற்றுப்பச்சை விதையைப் பச்சைத் தண்ணீரில் ஊறப்போட்டேன். தவளை முட்டை மாதிரி உப்பி வந்தது. தேங்காய்ப்பால் பிழிந்து ஊற்றி, இனிப்புக்குக் கித்துள் பனையின் பாணி விட்டுக் கலக்கி நீட்டினேன். கிண்ணத்தை வாங்கிக்கொண்டார்! கல்யாணமான நாளிலிருந்து என் கையிலிருந்து அவர் வாங்கியது இதுதான் முதல்.

வாய்க்குக் கொண்டுபோனவர் மோந்து பார்த்தார். "பாணி ஊத்துனியா?"

"ஆமாங்க அத்தை."

"அது காய்ச்சினதாச்சே. வெரதத்துக்கு ஆவாது." கீழே வைத்துவிட்டார்.

அவர் சொன்னது நியாயம்தான். புத்தி கெட்டவள், பாணியை நான் யோசிக்கவே இல்லை. அந்தக் கிண்ணத்தை வழித்துக் குடித்த என் வீட்டுக்காரர், "விட்டுரு புள்ள" என்றார். விடுவேனா? மாமியார் பாணியைத்தான் வேண்டாம் என்றார், என் கையை இல்லை. அடுத்த வெள்ளிக்குக் காட்டுத்தேன் வாங்குவேன். அது எந்த அடுப்பில் காய்ச்சியது என்று கேட்கட்டும், பார்க்கிறேன்.